கடதாசி டிராகன் எங்களுக்கு மட்டும் ஏன் தலையைத் திருப்பவில்லை?

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் தரம் 8 படிக்கிறாள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று, இணையத்தில் இறக்கிய படத்தை வெட்டி ஒட்டிக் கடதாசி டிராகன் ஒன்று செய்திருக்கிறார்கள். நாங்கள் நடக்கிற பக்கமெல்லாம் அது தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். மூன்று தரம் செய்தும் சரிவரவில்லையாம். எந்தக் கடதாசி வாங்குவது, எந்தக் கம் பாவிப்பது என்று கேட்கிறார். கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "போனில வீடியோ எடுத்தால் வடிவாத் திரும்புது, நேரில பார்த்தால் வெறும் குழியாத்தான் கிடக்கு." அவருடைய உண்மையான கேள்வி இதுதான். போனுக்குத் திரும்பும் தலை கண்ணுக்கு ஏன் திரும்பவில்லை? போனில் திரும்புகிறதென்றால் உங்கள் மகள் செய்தது சரியாகவே வந்திருக்கிறது. மூன்றாவதையும் கிழித்துப்போட முதல் அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் வவுனியாவில் ஆசிரியப் பயிற்சி முடித்து, பத்தொன்பது வருடமாக வன்னிப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த டிராகனையும் இதன் சொந்தக்காரரான வேறு சில கடதாசி உருக்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து நூறுக்கு மேல் செய்திருப்பேன். கண் வைத்தியர் இல்லை. ஆகவே கண்ணின் நோய்களைப் பற்றி வரும் இடத்தில் என் சொல்லை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த டிராகன் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், மகள் கண்காட்சியில் விளக்கம் சொல்லும்போது உதவும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரி ஆன்ட்ரஸ் என்றொரு மந்திரவித்தைக்காரர் இருந்தார் (1918–2007). மட்டை, மரத்துண்டு போன்ற சாதாரண பொருட்களால் கண்ணை ஏமாற்றும் உருக்களைச் செய்வதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். கணிதப் புதிர்களை எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னரை (1914–2010) மதித்து அவருடைய அன்பர்கள் கூட்டும் ஒன்றுகூடலுக்காக, ஆன்ட்ரஸின் உருக்களைப் பின்பற்றிச் செய்யப்பட்டதுதான் இந்த டிராகன். பிறகு அதன் அச்சுப்படி உலகமெல்லாம் பரவியது. அதன் இரகசியம் ஒன்றே ஒன்று. உடம்பு வழக்கமாக மடிக்கப்பட்டிருக்கும், முகம் மட்டும் உட்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். மூக்கு எங்களை நோக்கி நீளாமல் பின்பக்கமாகப் போயிருக்கும். அந்தக் குழிந்த முகத்தை மூளை புடைத்த முகமாக வாசிக்கும்போதுதான் தலை திரும்புகிறது.

இப்போது போனுக்கும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். போனில் படம் பிடிப்பது ஒரு வில்லை. எங்களுக்கு இரண்டு கண், இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான இடைவெளி. பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளை இடது கண் ஒரு விதமாகவும் வலது கண் வேறு விதமாகவும் பார்க்கும். பெருவிரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மாறி மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள், விரல் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கெடுத்துத்தான் மூளை எது கிட்ட, எது தூர என்று தீர்மானிக்கிறது. டிராகனை மேசையில் வைத்து, பிள்ளை கதிரையில் இருந்து அரை மீற்றரில் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து "மூக்கு பின்னுக்குத்தான் இருக்கு" என்று அடித்துச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பார்த்தாலும் குழிதான்.

இந்த வேறுபாடு தூரத்தோடு மிகக் கெதியாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வேறுபாடு நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. அரை மீற்றரில் பார்த்ததை மூன்று மீற்றருக்குப் போய்ப் பார்த்தால் தூரம் ஆறு மடங்கு, கண்களுக்கிடையிலான வேறுபாடு முப்பத்தாறில் ஒன்றாகிவிடும். அந்த நிலையில் இரு கண்ணின் சாட்சி மெலிந்துபோக, மூளை தன் பழக்கத்தை நம்பத் தொடங்கும். இதைவிட இலேசான வழி ஒரு கண்ணைக் கையால் பொத்துவது. உங்கள் வீட்டு விறாந்தையில் டிராகனை நெஞ்சளவு உயரத்தில் ஏதாவதொன்றின் மேல் வைத்துவிட்டு, நாலு எட்டுப் பின்னால் போய், ஒரு கண்ணைப் பொத்தி, பத்து விநாடி அசையாமல் மூக்கையே பாருங்கள். முகம் புடைத்து முன்னுக்கு வந்த பிறகுதான் பக்கவாட்டில் மெல்ல நடக்கவேண்டும். கனபேர் இந்த ஒழுங்கை மாற்றிவிடுகிறார்கள். முகம் புரள முதலே நடந்தால் மூளைக்குக் குழி பிடிபட்டுவிடும்.

ஏன் திரும்புகிறது என்று மகளிடம் யாராவது கேட்டால், "மூளை ஏமாறுது" என்று மட்டும் சொல்லி நிறுத்தவேண்டாம். அறையின் ஒரு மூலையைப் பார்த்தபடி நின்று வலப்பக்கமாக நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நடக்க நடக்க இடப்பக்கச் சுவர்தான் அகலமாகத் தெரிந்துகொண்டு வரும். மூலை குழிவு, அதனால் அப்படி. டிராகனின் குழிந்த முகமும் இதேபோல, நாங்கள் வலப்பக்கம் போகப் போக எங்களுக்கு இடது பக்கத்திலுள்ள கன்னத்தையே அதிகம் காட்டும். ஆனால் நாங்கள் அதைப் புடைத்த முகமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். புடைத்த முகமொன்று இடது பக்கக் கன்னத்தைக் கூடுதலாகக் காட்டவேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு, அது வலப்பக்கம் திரும்பவேண்டும். நாங்கள் போகும் அதே பக்கம். கடதாசி அசையாமல் இருக்க, மூளை தன் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளத் தலையைத் திருப்பிவிடுகிறது. இதை நான் கரும்பலகையில் பலமுறை கீறிக் காட்டியிருக்கிறேன், அறை மூலையில் நடக்கவிட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு விளங்கும்.

மூளை ஏன் குழியை விட்டுப் புடைப்பைத் தெரிவுசெய்கிறது என்பதற்கு இரண்டு காரணம் உறுதியாகத் தெரியும். ஒன்று, முகம் என்றால் புடைத்தது என்ற பழக்கம். பிறந்த நாளிலிருந்து குழிந்த முகத்தை நாங்கள் கண்டதில்லை. பிரித்தானிய உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி (1923–2010) சார்லி சப்ளினின் முகமூடியைச் சுழலவிட்டு இதைக் காட்டுவார். முகமூடியின் உட்பக்கம் வரும்போதும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகவே தெரியும். அதே முகமூடியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் மாயை மெலிந்துபோகும், ஏனென்றால் தலைகீழ் முகம் எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டாவது காரணம், வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்ற பழக்கம். இதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஆவணி புரட்டாதியில் குளம் வற்றி, கரைச்சேறு காய்ந்து இறுகிக் கிடக்கும்போது, அதில் மாட்டுக் குளம்படிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். வெயில் சாய்ந்த நேரத்தில், சூரியன் உங்களுக்கு முன்னால் இருக்கும்படி நின்று, அவற்றைப் போனில் ஒரு படம் எடுங்கள். எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குழிகள் அத்தனையும் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பி நிற்கும். போனின் திரை தன்பாட்டில் சுழன்றுவிடாமல் பூட்டிவைக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து டிராகனுக்கு வெளிச்சம் வைக்கும் முறை தானாக வரும். மேலிருந்து குண்டுபல்பு அடித்தால் குழியின் மேல்விளிம்பு உள்ளே கறுப்பு நிழல் போடும், அந்த நிழல் குழியைக் காட்டிக்கொடுக்கும். மத்தியான வெயிலில் வெளியே வைத்தால் அதைவிட மோசம். யன்னலோரத்தின் பரந்த வெளிச்சம் நல்லது, நேர்வெயில் படக்கூடாது. மண்டபம் இருட்டாக இருந்தால், ஒரு ரோச் லைற்றின் வாயில் வெள்ளைக் கடதாசி ஒன்றைக் கட்டி மங்கவைத்து, டிராகனுக்குக் கீழே முன்பக்கமாக வையுங்கள். கீழிருந்து அடிக்கும் வெளிச்சம் குழியின் மேற்பகுதியை ஒளியாக்கும், அது மேலிருந்து வெளிச்சம் படும் புடைத்த நெற்றியைப் போலவே இருக்கும். பின்னால் பூப்போட்ட சீலை தொங்கவிடாமல், ஒரே நிறத்தில் கடும் நீலமோ கறுப்போ மட்டை வையுங்கள்.

கடதாசி பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். போட்டோக்கொப்பிக் கடையில் வழக்கமாக அடிக்கும் ஏ4 தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம், இதற்கு மெல்லிது. மாரி காலத்தில் ஒரே நாளில் ஈரம் குடித்து முகம் தொய்ந்துவிடும். 160 முதல் 200 கிராம் வரையிலான தாள் தோதானது. அது கிடைக்காவிட்டால் சாதாரண தாளில் அடித்துப் பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டி வெட்டலாம். பளபளப்பான போட்டோத் தாள் வேண்டாம், லமினேற் பண்ணவே வேண்டாம். மினுக்கம் எந்தப் பக்கம் குழி என்று கண்ணுக்குச் சொல்லிவிடும். மடிப்புக் கோடுகளை முதலில் அடிமட்டம் வைத்து, மை முடிந்த பேனையால் அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள். முகத்தின் மடிப்புகள் கூராக இல்லாமல் வளைந்து போனால் மாயை பாதியாகக் குறையும். கம் என்றால் பைண்டர் கம் போதும், ஈர்க்கில் நுனியால் மெல்லிதாகத் தடவி, காயும்வரை விரலால் பிடித்திருங்கள். தண்ணிக் கம் பூசினால் தாள் நெளியும். ஒட்டிய பிறகு முகத்தை முன்னாலிருந்து பாருங்கள், நெற்றி நாடி இரண்டும் உட்பக்கம் சாய்ந்து, விளிம்பு எங்கும் வெள்ளை வெட்டுமுகம் தெரியாமல் இருக்கவேண்டும். வெள்ளை தெரிந்தால் அதே நிறப் பேனையால் தீட்டிவிடுங்கள். இந்தச் சின்ன வேலை செய்யும் வித்தியாசம் பெரிது.

இங்கே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை. மீளக்குடியமர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு, தகரக் கொட்டில் வகுப்பொன்றில் முதன்முதலாக இந்த டிராகனைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். முப்பது பிள்ளைகள் முண்டியடித்துச் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தூரத்தின் கணக்கு கையில் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெடியன் எழும்பி, "சேர், அது என்னைப் பார்க்குது" என்றான். மற்றவர்கள் நம்பவில்லை. அவன் இரண்டடி வலப்பக்கம் வைத்து, "இப்பயும் பார்க்குது, தலையைத் திருப்பிப் பார்க்குது" என்றான். போர்க்காலத்தில் செல் (எறிகணை) துண்டு பட்டு அவனுக்கு ஒரு கண் போயிருந்தது. அவனைக் கிட்ட வரச் சொன்னேன். மேசையோடு ஒட்டி நின்றும் அவனுக்கு முகம் புடைத்தே தெரிந்தது, மற்ற முப்பது பேருக்கும் குழி. நான் என் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், எனக்கும் திரும்பியது. அன்றைக்குப் பாடம் நடத்தியது அவன்தான். ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்தவைத்து, எங்கே நிற்கவேண்டும் என்று தோளைப் பிடித்து நிறுத்தினான். இருகண் பார்வையைப் பற்றி எனக்குப் புத்தகத்தில் விளங்காதது அந்த ஒரு பாடவேளையில் விளங்கியது.

ஆகவே கண்காட்சிக்கு வருபவர்களில் ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்கள், கண்புரை உள்ள அம்மம்மாமார் சிலருக்கு இது உடனே தெரியக்கூடும். தெரியாதவர்களும் இருப்பார்கள். அதை வைத்து ஒருவருடைய கண்ணையோ மனதையோ எடைபோடக்கூடாது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குக் குழிந்த முகமூடி புடைத்ததாகத் தெரிவது குறைவு என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அது உண்மையான ஆய்வுதான். ஆனால் அதைத் திருப்பிப்போட்டு, "டிராகன் திரும்பாவிட்டால் உனக்கு மூளையில் வருத்தம்" என்று முகநூலில் சுற்றுவது பிழை. கிட்ட நின்று பார்த்தாலோ, வெளிச்சம் சரியில்லை என்றாலோ, பார்வை மிகக் கூர்மையாக இருந்தாலோ யாருக்கும் தெரியாமல் போகலாம். கடதாசி உரு நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. இரண்டு கண்ணாலும் மேசைக்குக் கிட்ட நின்றும் ஒரு பிள்ளைக்கு எப்போதும் முகம் புடைத்தே தெரிந்தால், பயப்படாமல் ஒருமுறை கண் கிளினிக்கில் காட்டலாம் என்பதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

பார்ப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு விடயம் உண்டு. சுவாமிப் படத்தின் கண் எந்தப் பக்கம் போனாலும் எங்களையே பார்ப்பது போலிருக்கும், அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். வேறு. தட்டையான படத்தில் கண்மணி நடுவில் கீறியிருந்தால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது நடுவிலேதான் இருக்கும், அதனால் எங்களைப் பார்ப்பதாகத் தெரியும். அங்கே தலை சுழல்வதில்லை. அடுத்தது கானல்நீர். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் உச்சிவெயிலில் தார் மேல் தண்ணீர் மினுங்குவதையும் மாயை என்போம். ஆனால் அது சூடான காற்றில் ஒளி வளைந்து உண்மையாகவே கண்ணுக்குள் வரும் படம், கமெராவும் அதைப் பிடிக்கும். டிராகனின் விடயத்தில் ஒளி எந்தப் பிழையும் செய்யவில்லை, வந்த ஒளியை மூளை வாசித்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரணைமடுக் கட்டில் நின்று பார்க்கும்போது அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவதும் இந்த வகைதான். படம் எடுத்து அளந்தால் உச்சியில் நிற்கும் நிலாவைவிடப் பெரிதாக இராது. நடுவர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது, ஒளி வளைவதால் வரும் மாயையையும் மூளை வாசிக்கும் விதத்தால் வரும் மாயையையும் மகள் பிரித்துச் சொன்னால் நல்லது.

டிராகனோடு இன்னொரு உருவும் வைக்க விரும்பினால் அச்சுப்படி தேவையில்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு டிராகனைவிட இதுதான் பிடிக்கும், ஏனென்றால் எதையும் ஒளித்துவைக்க முடியாது. மட்டையில் 9 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று கீறுங்கள். அதன் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் மூன்று. வலப்பக்கச் சதுரத்தின் கீழ் விளிம்பில் ஒரு சென்ரிமீற்றர் ஒட்டுமடிப்பு விட்டு வெட்டுங்கள். சதுரங்களில் தாயக்கட்டைபோல ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளைத் தடிப்பாகத் தீட்டி, புள்ளி உள்ள பக்கம் உள்ளே வரும்படி மடித்து, ஒட்டுமடிப்பை மற்றச் சதுரத்தின் வெறும் முதுகில் ஒட்டுங்கள். பெட்டியின் மூலை ஒன்று வரும். அதைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, ஒரு கண்ணால் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் திடீரென்று முழுத் தாயக்கட்டை ஒன்று உங்களை நோக்கித் துருத்திக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். அதைவிட எளிது, கொப்பி ஒற்றை ஒன்றை நடுவில் மடித்து விரித்த புத்தகம்போல நிறுத்திவிட்டு, சற்று மேலிருந்து ஒரு கண்ணால் பார்ப்பது. எர்ன்ஸ்ற் மாக் என்ற ஒஸ்ரிய விஞ்ஞானி (1838–1916) எழுதிவைத்தது இது. மடிப்பு புரளும் கணத்தில் நிழல் பட்ட பக்கம் சாம்பல் நிறம் பூசியதுபோல மாறும். நிழலாகத் தெரிந்தது திடீரென்று கடதாசியின் அழுக்காகத் தெரியும். அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை நான் சொல்வதில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகிஹாரா கொக்கிச்சியின் படிக்கட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். 1858இல் ஷ்ரோடர் என்பவர் வெளியிட்ட படிக்கட்டுப் படத்தை அவர் முப்பரிமாணக் கடதாசி உருவாக மாற்றி, 2020இல் உலகளாவிய மாயத்தோற்றப் போட்டியில் முதலிடம் பெற்றார். பாதிவட்டம் திருப்பினாலும் அதே படிக்கட்டாகவே தெரியும்.

கண்காட்சி மேசையை ஒழுங்குபண்ணும்போது டிராகனை மேசையில் வைக்காமல் பின்சுவரோடு ஓர் உயரமான பெட்டியில் வையுங்கள், பார்ப்பவர் கண்ணின் மட்டத்துக்கு. மேசையை அதற்கு முன்னால் போட்டால் யாரும் கிட்டப் போகமாட்டார்கள். தரையில் மூன்று மீற்றர் தள்ளி, இடமிருந்து வலமாக ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு வெண்கட்டியால் ஒரு கோடு. அதற்கு அப்பால் பக்கவாட்டில் போனால் முகத்தின் விளிம்பு தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு வாங்கு. "ஒரு கண்ணைப் பொத்துங்கள், மூக்கைப் பாருங்கள், பத்து எண்ணுங்கள், பிறகு கோட்டில் நடவுங்கள்" என்று பெரிய எழுத்தில் ஒரு மட்டை. எல்லோரும் பார்த்து முடிந்த பிறகு மகள் டிராகனைக் கையில் எடுத்துத் திருப்பி, குழியைக் காட்டட்டும். முதலே காட்டவேண்டாம்.